பட்ஜெட் அட்வெஞ்சர் பைக்: எந்தப் பழுதோடு உங்களால் குடித்தனம் நடத்த முடியும்?

ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் திருச்சி. தினமும் ஆபீஸுக்கு 18 கிலோமீட்டர், வருஷத்துக்கு இரண்டு நெடும்பயணம், என்றாவது ஒருநாள் லடாக். இன்னொருவர் கோவையில் இருக்கும் பெண். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் வால்பாறைப் பக்கம். மூன்றாமவருக்குக் கொல்லிமலையில் தோட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு, கடைசி நாலு கிலோமீட்டருக்கு ரோடே கிடையாது.

மூவர் கையிலும் ஒரே பட்டியல்: செகண்ட் ஹேண்டில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், கொஞ்சம் கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்றால் புது ஹிமாலயன் 450. நான் ஓட்டுவதும் இந்த நான்கில் ஒன்றுதான். எது என்று சொன்னால் மற்ற மூன்று வண்டிக்காரர்களும் இந்தப் பத்தியோடு எழுந்து போய்விடுவார்கள், அதனால் சொல்லவில்லை.

"எது பிரச்சினையே தராது?" என்று மூவருமே கேட்டிருந்தார்கள். இந்த விலையில் அப்படி ஒரு வண்டி இல்லை. நாலும் நல்ல வண்டிதான், நாலுக்கும் ஒரு வீக்னஸ் உண்டு. மணல், பள்ளம், நெடுஞ்சாலை, ஆபீஸ், லக்கேஜ் எல்லாவற்றையும் ஒரே வண்டியிடம் குறைந்த காசுக்குக் கேட்கிறோம். எங்கேயாவது ஓரிடத்தில் அது சமாளித்துத்தான் ஆகவேண்டும். அந்த இடம் உங்கள் வாழ்க்கையில் அடிக்கடி வருகிற இடமா, எப்போதாவது வருகிற இடமா? நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

## எதை வைத்து எடை போடுவது

குதிரைத்திறனை யாரும் மறப்பதில்லை, அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன். எல்லாரும் மறப்பது எடையை. அட்வெஞ்சர் வண்டி விழும். ஓட்டும்போதுகூட இல்லை, சரளைக்கல்லில் யூ டர்ன் அடிக்கும்போது, ஒரு கால் ஊன்றிய இடம் பள்ளமாக இருந்துவிட்டால், சும்மா நின்றபடியே சாயும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, முழங்கால் பலத்தில் பின்னோக்கித் தள்ளித் தூக்க வேண்டும். 160 கிலோ வண்டியைத் தனியாளாக நாலு முறை தூக்கலாம். 199 கிலோ வண்டியை ஒரு முறை தூக்கினால் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். சரிவில் விழுந்தால் யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது பஞ்சர். இதைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பட்ட அனுபவம் அப்படி. ஸ்போக்ஸ் வீல் அழகு, பள்ளத்தில் விழுந்தால் வளைந்து கொடுக்கும், வளைந்ததை நிமிர்த்தவும் முடியும். ஆனால் உள்ளே ட்யூப். ஒருநாள் மாலை ஆறு மணிக்கு மலைப்பாதையில் பின் சக்கரம் இறங்கியது. ஆக்ஸில் நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருவி எடுப்பதுவரை சுலபம். டயரின் ஓரம் ரிம்மை விட்டு வரவே இல்லை. ஏறி மிதித்தேன், குதித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கூட வந்த நண்பரின் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் சைடு ஸ்டாண்டை என் டயரின் விளிம்பில் ஊன்றி, வண்டியின் மொத்த எடையையும் அதன்மேல் சாய்த்தோம். 'டப்' என்று விட்டது. அதற்குள் இருட்டிவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் லீவரை வைத்துப் புது ட்யூபைத் திணிக்கும்போது அதையும் கிள்ளிவிட்டேன். ட்யூப்லெஸ் டயராக இருந்திருந்தால் முள்ளைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் சொருகி, பத்து நிமிஷத்தில் கிளம்பியிருப்பேன்.

மூன்றாவது, மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது. வண்டி பழுதாவது அரை நாள் விஷயம், பாகம் வருவதுதான் வாரக்கணக்கு. எனக்கு ஒரு முறை சாதாரண சென்சார் ஒன்றுக்கு இருபத்திரண்டு நாள் ஆனது. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாரிடமும் இது நடக்கிறது. உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் ஒரு சனிக்கிழமை காலை அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். காத்திருக்கிற வண்டிக்காரர்களிடம் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். யூடியூபில் நூறு வீடியோ பார்ப்பதற்கு அது சமம்.

அப்புறம் காசு. ஷோரூம் விலையில் தெரியாத ஒரு கோடு 350 சிசியில் ஓடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆனது. இன்சூரன்ஸிலும் அதே கோடுதான். 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி, மூன்றாம் நபர் காப்பீடு 150 முதல் 350 சிசி வரை வருஷத்துக்கு 1,366 ரூபாய், 350-ஐத் தாண்டினால் 2,804. புது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டவேண்டும் என்பதால் அது 7,365-க்கும் 15,117-க்கும் உள்ள வித்தியாசம். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய புது பைக்குக்கு 12 சதவீத வாழ்நாள் வரி வேறு. ஆக, விலை ஏற ஏற மேலே கட்டுவதும் ஏறுகிறது.

## காகிதத்தில் நாலும்

| | ஹிமாலயன் 411 (பழையது) | எக்ஸ்பல்ஸ் 200 4வி | வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் | ஹிமாலயன் 450 |
|---|---|---|---|---|
| இன்ஜின் | 411 சிசி, ஏர் கூலிங் | 199.6 சிசி, ஆயில் கூலிங் | 249 சிசி, ஆயில் கூலிங் | 452 சிசி, லிக்விட் கூலிங் |
| பவர் (குதிரைத்திறன்) | சுமார் 24 | சுமார் 19 | 26.5 | 40 |
| டார்க், அதாவது இழுவை (நியூட்டன் மீட்டர்) | 32 | 17.35 | 22.2 | 40 |
| கியர் | 5 | 5 | 6 | 6 |
| எடை (கிலோ) | 199 (பிஎஸ்6, அதாவது 2020-இன் மாசு விதிப்படி வந்தது) | சுமார் 160 | 167 | 196 |
| சீட் உயரம் (மிமீ) | 800 | சுமார் 825 | 835 | 825 முதல் 845 |
| தரை இடைவெளி (மிமீ) | 220 | 220 | 205 | 230 |
| சக்கரம் முன்/பின் (அங்குலம்) | 21/17 ஸ்போக்ஸ் | 21/18 ஸ்போக்ஸ் | 19/17 அலாய், ட்யூப்லெஸ் | 21/17 ஸ்போக்ஸ் |
| டேங்க் (லிட்டர்) | 15 | 13 | 12 | 17 |

## ஹிமாலயன் 411: ஆமை, ஆனால் ஊர் போய்ச் சேரும்

2016 மார்ச்சில் வந்த வண்டி. 450 வந்த பிறகு விற்பனையிலிருந்து போய்விட்டதால் இனிமேல் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். இதன் பலம் ஒன்றுதான், அது பெரிய பலம்: அவசரமே இல்லாத இன்ஜின். 78 மிமீ போர், 86 மிமீ ஸ்ட்ரோக். சிலிண்டரின் அகலத்தைவிடப் பிஸ்டன் ஓடும் தூரம் அதிகம், அதனால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைக்கிறது. சரளை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் பிடித்தால் மாட்டுவண்டி மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும். 800 மிமீ சீட் உயரம் இந்தக் கூட்டத்திலேயே குறைவு. சென்டர் ஸ்டாண்ட் கூடவே வருகிறது. செயினுக்கு ஆயில் போடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். டேப்பட் (இன்ஜின் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் இடம்) திருகு வகை, தெரிந்த மெக்கானிக் எவரும் மரத்தடியில் உட்கார்ந்து அட்ஜஸ்ட் செய்துவிடுவார்.

இனி குறை. முதல் வருஷத்து கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றி வராத புகார் இல்லை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவற்றைத் தொடவேண்டாம். 2017-ல் பியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு நிலைமை மாறியது. முடிந்தால் 2020-க்குப் பிறகான பிஎஸ்6 வண்டியாகப் பாருங்கள், பின் சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அணைத்துவைக்கும் வசதி அதில்தான் இருக்கிறது.

411-காரர்கள் நாலு பேர் கூடினால் பேசுவது பால் ரேஸைப் பற்றி, அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்தில் உள்ள பேரிங். பார்க்கப் போகும்போது சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் சின்னதாக ஒரு பள்ளத்தில் விழுவதுபோல 'டக்' என்று நின்றால் அது போய்விட்டது. மாற்ற முடியாத செலவு இல்லை, ஆனால் விலை பேச நல்ல துருப்பு. அப்படியே ஒரு ஸ்பானரால் ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமானது 'டிங்' என்று பாடும், தளர்ந்தது 'டொக்' என்னும். ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேம் வெல்டிங்கில் மெல்லிய கோடோ, புதிதாகப் பெயிண்ட் அடித்த தடமோ இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் 90, 95-ல் நாள் முழுக்க ஓடும். 110-ல் அதுவும் சந்தோஷமாக இல்லை, நீங்களும் இருக்கமாட்டீர்கள். லாரியை முந்துவதற்கு முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். 2020 டிசம்பரில் பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியாவில் விற்ற ஹிமாலயன்களை பிரேக் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) அரிப்புக்காகக் கம்பெனி திரும்ப அழைத்தது. பனிக்காலத்தில் அங்கே சாலையில் தூவும் உப்புதான் காரணம். நம்மிடம் அந்த உப்பு இல்லை, ஆனால் உப்புக்காற்று இருக்கிறது. எந்த பிராண்டாக இருந்தாலும் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வதை சர்வீஸ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

யாருக்கு: மெதுவாகப் போகத் தெரிந்தவருக்கு, நம்பகமான மெக்கானிக் ஒருவர் போன் நம்பர் கையில் இருப்பவருக்கு. வாங்கிய உடனே பால் ரேஸ், செயின் செட், டயர், ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) ஆயில் என்று ஒரு ரவுண்டு செலவு வரும். அதை வண்டி விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

## எக்ஸ்பல்ஸ் 200 4வி: மலையில் ராஜா, பைபாஸில் பாவம்

மண்ணில் இறங்கினால் இந்த நாலில் இதுதான் வண்டி. சுமார் 160 கிலோ, முன்னால் 21, பின்னால் 18 அங்குலம், முன் ஃபோர்க் 190 மிமீ இறங்கி ஏறும். நின்றபடி ஓட்டினால் அது உங்களை ஓட்டக் கற்றுக்கொடுக்கும். விழுந்தாலும் வளைகிற பாகங்கள் விலை மலிவு. கிளட்ச் லீவர் ஒடிந்தது, இண்டிகேட்டர் போனது என்றால் சின்ன ஊரிலும் சமாளித்துவிடலாம், ஹீரோ சர்வீஸ் இல்லாத தாலுகா குறைவு.

இதன் குறை பழுதில் இல்லை, மூச்சில் இருக்கிறது. ஐந்து கியர், 19 குதிரை. 80-ல் நிம்மதி, 90-ல் முனகல், அதற்கு மேல் கைப்பிடியிலும் கால் வைக்கும் இடத்திலும் அதிர்வு. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஆறு வழியில் போகும்போது கார்கள் எல்லாம் காற்றடித்துவிட்டுப் போகும். பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை என்றால் இன்னும் பாவம்.

லடாக் கனவுக்காரர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கர்துங் லா போன்ற 17,500 அடிக் கணவாய்களில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. இன்ஜெக்‌ஷன் பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்யும், இல்லாத காற்றை அதால் உண்டாக்க முடியாது. 19 குதிரை அங்கே பத்துப் பன்னிரண்டு குதிரையாகிவிடும். தனியாள் என்றால் முதல் கியரில் ஏறிவிடலாம், பலரும் ஏறியிருக்கிறார்கள். ஜோடியாகப் போனால் பின்னால் இருப்பவர் சில இடங்களில் இறங்கி நடக்க நேரலாம். ஊருக்குத் திரும்பிய பிறகும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

2025-ல் எக்ஸ்பல்ஸ் 210 வந்தது: லிக்விட் கூலிங், 24.6 குதிரை, ஆறு கியர், 168 கிலோ, அறிமுக விலை 1.76 லட்சம். மூச்சுப் பிரச்சினைக்குப் பாதி மருந்து. ஆனால் புது இன்ஜின். 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் நாலைந்தைப் பார்க்காமல் அதன் ஆயுளைப் பற்றி நான் சத்தியம் செய்யமாட்டேன். 200-க்கு அந்த ஜாதகம் எழுதியாகிவிட்டது.

யாருக்கு: தனியாக ஓட்டுபவருக்கு, மண் ரோடு வாரம் ஒருமுறையாவது வருபவருக்கு. நாலு வழிச் சாலையிலேயே வாழ்பவருக்கு இல்லை. உயரம் குறைந்தவர்கள் 825 மிமீ பார்த்துப் பயப்பட வேண்டாம், சீட் ஒல்லி, எடையும் குறைவு, ஒரு கால் ஊன்றினாலே போதும்.

## வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்: அலுப்புத் தட்டும் அளவுக்கு ஒழுங்கு

நம்பகத்தன்மை ஒன்றுதான் வேண்டும் என்றால் இங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம். 2019-ல் ஜிக்ஸர் 250-இல் வந்த அதே இன்ஜின், 2022 ஏப்ரலில் இந்த வண்டியில் உட்கார்ந்தது. ஆயிலை மாற்று, ஃபில்டரை மாற்று, ஓட்டு. ஆறு கியர், 100, 105-ல் நெடுஞ்சாலையில் சொகுசு. ட்யூப்லெஸ். மேலே நான் புலம்பிய பஞ்சர் கதை இந்த வண்டிக்காரருக்கு நடக்காது.

அட்வெஞ்சர் என்ற பெயருக்குத்தான் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது. முன் சஸ்பென்ஷன் இறங்குவது சுமார் 120 மிமீ. ஏபிஎஸ்ஸை அணைக்க முடியாது, சரளை இறக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தால் 'டிக் டிக்' என்று துடித்து வண்டி நிற்காமல் வழுக்குவது போலத் தோன்றும், புதியவர் பயந்துவிடுவார். அலாய் வீல் பெரிய கல்லில் மோதினால் சொட்டையாகும் அல்லது விரிசல் விடும். ஸ்போக்ஸை நிமிர்த்துகிற மாதிரி அதைச் சுலபமாக நிமிர்த்த முடியாது, விரிசல் விட்டால் புது வீல்தான், விலை கேட்டால் தலை சுற்றும். மறைமுகச் செலவு என்றால் இந்த வண்டிக்கு அதுதான். 12 லிட்டர் டேங்க்கும் கொஞ்சம் சின்னது.

யாருக்கு: நூற்றில் தொண்ணூறு கிலோமீட்டர் தார் ரோட்டில் ஓடும், மீதிப் பத்தும் மோசமான தார் ரோடுதான் என்பவருக்கு. உண்மையைச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் இந்த ரகம், ஒத்துக்கொள்ளத்தான் மனம் வராது.

## ஹிமாலயன் 450: எல்லாம் இருக்கிறது, பில்லும்

2023 நவம்பரில் 2.69 லட்சம் ரூபாய் அறிமுக விலையில் வந்தது. 40 குதிரை, இரண்டு பக்கமும் 200 மிமீ சஸ்பென்ஷன், 120-ல் அலட்டிக்கொள்ளாத இன்ஜின். பின்னால் ஆளை உட்காரவைத்து லடாக் போவதென்றால் இந்தப் பட்டியலில் இதைத்தான் சொல்வேன். ட்யூப்லெஸ் ஸ்போக்ஸ் வீல் தனியாக வாங்கலாம், வாங்கிவிடுங்கள்.

ஆனால் ரேடியேட்டர், எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர், வட்டத் திரை என்று 411-ல் இல்லாதவை பல இதில் உண்டு. மரத்தடி மெக்கானிக் தொடமாட்டார், லேப்டாப் உள்ள சர்வீஸ் சென்டர்தான். ஜிஎஸ்டி கோட்டுக்கு மேல், இன்சூரன்ஸ் கோட்டுக்கும் மேல். எடை 411-ஐவிட மூன்று கிலோதான் குறைவு, சீட்டோ இன்னும் உயரம். விழுந்தால் தூக்கும் கதை அப்படியே இருக்கிறது.

## கேட்ட மூவருக்கும்

திருச்சிக்காரர்: தினம் 36 கிலோமீட்டர் ஆபீஸ். வி-ஸ்ட்ராம். லடாக் "என்றாவது" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அந்த என்றாவது வரும்போது இந்த வண்டியே போகும், தார் ரோடு பெரும்பாலும் இருக்கிறது. தேதி குறித்து, மனைவியையும் அழைத்துப் போவதாக இருந்தால் மட்டும் 450-க்குச் சேர்த்துவையுங்கள்.

கோவைக்காரர்: வால்பாறை நாற்பது வளைவும் நல்ல தார். ஆனால் நீங்கள் அங்கிருந்து எஸ்டேட் மண்பாதைகளில் இறங்குவதாகச் சொன்னீர்கள், அதனால் எக்ஸ்பல்ஸ். 411-இன் தாழ்ந்த சீட்டைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். தெரிந்தவர் வண்டி ஒன்றைப் புல்தரையில் படுக்கவைத்து, தனியாகத் தூக்கிப் பாருங்கள். தூக்கிவிட்டால் என் பேச்சைக் கேட்கவேண்டாம்.

கொல்லிமலைக்காரர்: உங்களுக்கும் முதலில் எக்ஸ்பல்ஸ் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அப்புறம் உரமூட்டையும் பின்னால் ஏற்றுவேன் என்று ஒரு வரி அனுப்பினீர்கள். அப்படியானால் பிஎஸ்6 ஹிமாலயன் 411, அந்த இழுவை உங்களுக்கு வேண்டும். கையோடு 21 அங்குல ட்யூப் ஒன்றை வாங்கி சீட்டுக்கு அடியிலோ பையிலோ வைத்துவிடுங்கள். முன் சக்கர ட்யூபை அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் மடித்துத் திணித்து ஊர் வந்து சேரலாம், பின் ட்யூபை முன்னால் போட முடியாது. திணிக்கும்போது லீவரை ரொம்ப உள்ளே விடாதீர்கள்.